வீட்டுக்கு ஒரு நகராட்சி

கால்வாயின் இரு கரைகள் – 12

நீலாங்கரையில் கடலைப் பார்த்த தெருவில் வீடு வாங்குகிறவர் மனையையும் கட்டடத்தையும் மட்டும் வாங்குவதில்லை. ஒரு சின்ன நகராட்சியை நடத்துகிற வேலையையும் சேர்த்து வாங்குகிறார். குடிநீர் வாரியம் அவரே. மின்வாரியத்தில் பாதி அவரே. கழிவுநீர் அகற்றல், காவல், வாசலில் விளக்கு எல்லாமே அவர் பொறுப்பு. ஊழியர்கள் இருக்கிறார்கள், மாதச் சம்பளப் பட்டியல் இருக்கிறது, வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் இருக்கின்றன. தேர்தல் மட்டும்தான் இல்லை.

போன வாரம் கால்வாய்க்கு மேற்கே, கண்ணகி நகர் மாடிப்படிகளில் நின்றுகொண்டிருந்தோம். இந்த வாரம் கிழக்கே வருவோம். நடுவில் பக்கிங்காம் கால்வாய். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை கண்ணுக்குத் தெரிகிற தூரம்தான். ஆனால் வண்டி போகிற பாலங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருப்பதால், சுற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது தினமும் ஒரு பயணம். கால்வாய்க்கும் கடலுக்கும் இடையே ஒன்று, ஒன்றரை கிலோமீட்டர் அகலத்தில் நீளமாகக் கிடக்கிறது ஒரு மணல் துண்டு. திருவான்மியூரைத் தாண்டினால் கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, வெட்டுவாங்கேணி, ஈஞ்சம்பாக்கம், அக்கரை, பனையூர், உத்தண்டி. நகரத்தில் பணம் சேர்ந்ததும் குடிபோக ஆசைப்படுகிற ஊர்கள் இவை.

எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த கலைஞர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, சுற்றிலும் சவுக்குத் தோப்பும் மணலும்தான். கையில் காசில்லாத ஓவியர்கள் வாங்கக்கூடிய விலையில் கடற்கரை நிலம் கிடைத்த காலம் ஒன்று இருந்தது என்பதை இன்றைக்கு அங்கே மனை விலை கேட்கிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். பிறகு சினிமாக்காரர்களும் தொழிலதிபர்களும் சனி, ஞாயிறுகளுக்கு வந்துபோக வீடு கட்டினார்கள். கேசுவரினா டிரைவ், புளூ பீச் ரோடு என்று தெருக்களுக்குப் பெயர் வந்தது. கேசுவரினா என்றால் நம்ம சவுக்குதான். தோப்பு போய்ப் பெயர் நின்றது. 2002இல் கிழக்குக் கடற்கரைச் சாலை சுங்கம் வசூலிக்கும் சாலையானது. கால்வாய்க்கு அந்தப் பக்கம் பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் எழும்பின. வார இறுதி வீடுகள் நிரந்தர வீடுகளாயின. 2011இல் இந்த ஊர்கள் எல்லாம் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. சொத்து வரி ரிப்பன் மாளிகைக்குப் போக ஆரம்பித்தது. குடிநீரும் சாக்கடையும் அதே வேகத்தில் எதிர்த்திசையில் வந்துவிடவில்லை.

பொழுது விடிவதைப் பார்க்க வேண்டுமென்றால் தெரு முனையில் செக்யூரிட்டி உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஐந்தரைக்கு ஆவின் பால் வண்டி. அடுத்து பேப்பர் போடும் பையன். அடுத்து நாய்கள். நாயை நடத்திக்கொண்டு வருகிறவர் பெரும்பாலும் நாயின் சொந்தக்காரர் இல்லை. அதற்கென்று சம்பளம் வாங்கும் ஆள். ஒரே இளைஞர் மூன்று வீட்டு நாய்களை வார்ப்பட்டையில் பிடித்துக்கொண்டு போவதைப் பார்க்கலாம். நாய்கள் ஒன்றுக்கொன்று சிநேகமாகிவிட்டன. அந்த மூன்று வீட்டுக்காரர்களும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்களா என்று கேட்டேன். “தெரியாதுண்ணே, வாட்ஸப்ல பேசிக்குவாங்க போல” என்றார்.

ஆறரை மணி சுமாருக்குப் பெரிய சாலையில் ஷேர் ஆட்டோக்கள் வந்து நிற்க ஆரம்பிக்கும். பெண்கள் இறங்கி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடல் பக்கத் தெருக்களுக்குள் வேகவேகமாக நடப்பார்கள். பாத்திரம் துலக்குகிறவர், சமைக்கிறவர், வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவர், குழந்தையைக் குளிப்பாட்டிப் பள்ளி வேனில் ஏற்றுகிறவர். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஊர் சொல்வார்கள். நகரத்தின் நடுவில் கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்தவர்களை, குடிசை மாற்று வாரியம் 2000க்குப் பிறகு கொண்டுவந்து குடிவைத்த இடங்கள். 1970இல் தொடங்கிய அந்த வாரியத்துக்கு 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. ஆட்டோவில் வருகிற அக்காக்கள் இன்னும் ‘போர்டு வீடு’ என்றுதான் சொல்கிறார்கள்.

கேட் போட்ட குடியிருப்புகளில் செக்யூரிட்டியிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். பெயர், வீட்டு நம்பர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து என்று ஸ்கேலால் கோடு போட்ட கட்டங்கள். முதல் வரியை ஒரு பெண் எழுதினால், அடுத்து வருகிறவர்கள் நேரத்தை மட்டும் ஓரிரு நிமிடம் தள்ளிப் போட்டு, பெயரைக் கிறுக்கிவிட்டு ஓடுகிறார்கள். தண்ணி லாரி, கேஸ் சிலிண்டர், பிளம்பர், ஏசி மெக்கானிக், கூரியர், சாப்பாடு கொண்டுவருகிற பையன் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். அந்தத் தெருவில் வாழ்ந்தவர்களின் அன்றாடத்தை நாளைக்கு ஒருவர் எழுதப்போனால் இதைவிட நல்ல ஆவணம் கிடைக்காது. வீட்டுக்காரர்கள் மட்டும் அதில் ஓரிடத்திலும் இருக்க மாட்டார்கள். புதிய குடியிருப்புகளில் நோட்டுக்குப் பதில் செல்போன் செயலி வந்துவிட்டது. வேலைக்கு வரும் பெண் கேட்டில் நிற்கும்போதே உள்ளே எஜமானியின் போனில் மணி அடிக்கும். வருகைப் பதிவும் அதுவே, லீவுக் கணக்கும் அதுவே. அக்காவுக்கு எத்தனை நட்சத்திரம் என்று மதிப்பெண் போடுகிற வசதியும் சிலவற்றில் உண்டு. பதிலுக்கு வீட்டுக்கு மதிப்பெண் போடுகிற வசதியை நான் எங்கும் பார்க்கவில்லை. அது ஷேர் ஆட்டோவில் வாய்மொழியாக நடக்கிறது. எந்த வீட்டில் காபி உண்டு, எந்த வீட்டில் பாத்ரூம் போக விடமாட்டார்கள், எந்த வீட்டில் தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் என்பதெல்லாம் சோழிங்கநல்லூர் சிக்னல் தாண்டுவதற்குள் பேசி முடிந்துவிடும்.

தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு நலவாரியம் இருக்கிறது. 2018இல் குறைந்தபட்சக் கூலியும் நிர்ணயித்தார்கள். மணிக்கு நாற்பது ரூபாய்க்குள்தான் அன்றைக்கு வந்தது. இந்தத் தெருக்களில் அதைவிடக் கூடுதலாகவே கிடைக்கிறது என்பதால் அந்த அரசாணையைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை, வேலை செய்கிறவர்களுக்கும் சரி, வைத்திருக்கிறவர்களுக்கும் சரி. கூலியைவிடப் பெரிய சிக்கல் நேரம். “காசு குடுக்கறாங்க சார், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எல்லாருக்கும் ஏழு மணிக்கே நான் வேணும். ஏழு மணி எத்தனை தடவை வரும்?” என்றார் நான்கு வீடு பார்க்கிற ஒருவர்.

இனி தண்ணீருக்கு வருவோம். இந்த நகராட்சிகளின் முதல் துறை, பெரிய துறை, தீராத தலைவலி எல்லாம் அதுதான்.

இந்த மணல் துண்டின் அடியில் இயற்கை ஓர் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது. மழை பெய்தால் மணல் ஒரு சொட்டு விடாமல் உறிஞ்சிக்கொள்ளும். கிழக்கே கடல் இருப்பதால் ஆழத்தில் உப்புத் தண்ணீர். மேலிருந்து இறங்கும் மழைநீர் எடை குறைந்தது. ஆகையால் உப்புத் தண்ணீரின் மேல் எண்ணெய் போல மிதந்து நிற்கும். இதற்குக் கடலோரங்களில் நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். கேட்கச் சந்தோஷமாக இருக்கும் கணக்கு. திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே ஓர் அடி இறைத்து இறக்கிவிட்டால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரும்.

சவுக்குத் தோப்புக் காலத்தில் பத்துப் பதினைந்தடிக் கிணற்றில் இளநீர் மாதிரி தண்ணீர் வந்தது என்று பழைய ஆட்கள் சொல்வது மிகையில்லை. கிணற்றில் கவலையும் ஏற்றமுமாக இறைத்தவரை மிதக்கும் தண்ணீர் மிதந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வீடு போர் போட்டு, குதிரைசக்தி கூடிய மோட்டாரை இறக்கி, புல்வெளிக்கும் நீச்சல் குளத்துக்கும் இறைத்தபோது கீழேயிருந்து உப்பு ஏறியது. இதில் கொடுமை என்னவென்றால் போர் என்னுடையது, மோட்டார் என்னுடையது, கரண்ட் பில் என்னுடையது. தண்ணீர் மட்டும் தெரு முழுவதற்கும் ஒன்று. காம்பவுண்டுச் சுவர் ஐந்தடி மண்ணுக்குள் போகலாம், அதற்குக் கீழே பக்கத்து வீடு, எதிர்வீடு, குப்பம் எல்லாம் ஒரே தண்ணீர்தான். ஒரு வீட்டில் உப்பு ஏறினால் அவர்கள் இன்னும் இருபதடி ஆழமாகப் போடுவார்கள். அது உப்பை இன்னும் சீக்கிரம் கூப்பிடும்.

உப்பு ஏறியதும் அடுத்த துறை தொடங்கும். மாடிப்படிக்குக் கீழேயோ கார் நிற்குமிடத்தின் மூலையிலோ ஆள் உயரத்துக்கு ஒரு நீல உருளை நிற்கும். சாஃப்ட்னர். தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு, மெக்னீசிய உப்புகளைப் பிடித்து வைத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடுகிற பிசின் மணிகள் அதற்குள் இருக்கின்றன. மணிகள் களைத்துப்போனால் அவற்றுக்குத் தெம்பு ஏற்ற ஒரே மருந்து, உப்பு. கல் உப்பை மூட்டையாக வாங்கிக் கரைத்து அதற்குள் ஓடவிட வேண்டும். ஓடி முடிந்த உப்புத் தண்ணீர் எங்கே போகும்? பாதாளச் சாக்கடை இல்லாத வீட்டில் தோட்டத்து மண்ணுக்குள்தான். ஒரு வீட்டில் டிரைவரும் தோட்டக்காரரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உப்பு மூட்டையைத் தூக்கிப்போவதைப் பார்த்தேன். தண்ணீரில் உப்பு ஏறிவிட்டதென்று மண்ணில் உப்பைக் கொட்டுகிற வேலை, மாதம் தவறாமல் நடக்கிறது. அந்த வீட்டு அம்மா படித்தவர், நல்லவர், பிளாஸ்டிக் பையைக் கையால் தொடாதவர். குளிக்கிற தண்ணீரில் முடி கொட்டுகிறதே என்பது அவர் கவலை. நியாயமான கவலை.

அப்படியும் குடிக்க முடியாது. சமையலறையில் ஆர்.ஓ. இயந்திரம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளுகிற இயந்திரம் அது. விவரமான வீடுகளில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வாசல் கழுவுவார்கள். மற்ற வீடுகளில் சிங்க்கோடு போய்விடும்.

கடைசியில் லாரி. பன்னிரண்டாயிரம் லிட்டர் கொள்ளும் தண்ணி லாரி தெருவுக்குள் பின்பக்கமாக வந்து, கிளீனர் பையன் இறங்கித் தடித்த குழாயை இழுத்துச் சம்ப்பில் இறக்குவான். லாரியிலிருந்து ஒழுகிய தண்ணீர் தெரு முனைவரை கோடாகக் கிடக்கும். காக்கைகளும் தெரு நாய்களும் அதற்கென்றே காத்திருக்கும். அரசாங்கம் நகரத்துக் குடிநீர்த் திட்டங்களுக்கு வைத்திருக்கும் கணக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அந்தக் கணக்கில் நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு லாரி மூன்று வாரம் வர வேண்டும். புல்வெளி இருக்கிற வீட்டில் ஒரு வாரம் தாங்கினால் ஆச்சரியம் என்றார் டிரைவர்.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது இந்தத் தெருக்களில் முதன்முறையாகப் பணம் தோற்றது. இரண்டு மடங்கு தருகிறேன் என்றாலும் லாரி வரவில்லை. வீட்டில் குளிக்கத் தண்ணீர் இல்லாமல் கிளப்புக்குப் போய்க் குளித்துவந்ததை ஒருவர் இன்னமும் சாகசம் மாதிரி சொல்கிறார். தெற்கே நெம்மேலியில் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013 முதல் ஓடுகிறது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர். 2024 பிப்ரவரியில் அதன் பக்கத்திலேயே பதினைந்து கோடி லிட்டருக்கு இன்னொன்றும் வந்தது. அந்தத் தண்ணீர் இந்த ஊர்களைத் தாண்டித்தான் நகரத்துக்குப் போகிறது. குழாய் வந்துவிட்ட தெருக்களிலும் லாரிக்காரரின் நம்பரை யாரும் போனிலிருந்து அழித்துவிடவில்லை.

கழிவுநீரைப் பற்றி நீட்ட வேண்டாம். வந்த லாரி நீலம் என்றால் போகிற லாரி வேறு நிறம். செப்டிக் டேங்க் நிரம்பியதும் போன் போட்டால் பெரும்பாலும் இருட்டிய பிறகு வருவார்கள். விருந்தாளிகள் இருக்கும் நேரத்தில் வரக்கூடாது என்பதற்காக மேடம் நேரம் சொல்லிவிடுவார். தொட்டிக்குள் ஆள் இறங்கக்கூடாதென்று 2013இலேயே சட்டம் வந்துவிட்டதால் குழாய் போட்டு உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். ஒழுகும் தொட்டி என்றால் மீதி வேலையை மணல் பார்த்துக்கொள்ளும். மேலே சொன்ன மிதக்கும் தண்ணீரில்தான் அதுவும் போய்ச் சேருகிறது.

மின்சாரம், அதைவிடச் சுருக்கம். கரண்ட் போனால் ஐந்து விநாடிக்குள் தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் உறுமும். கடலோரத்தில் வாழ்வதற்கு உப்புக்காற்று வசூலிக்கும் வரி தனி. ஏசியின் வெளிப்பெட்டி நகரத்துக்குள் தாக்குப்பிடிப்பதில் பாதிகூட இங்கே தாக்குப்பிடிப்பதில்லை, கேட்டின் கீல் இற்றுப்போகும், ஜன்னல் கொக்கி பச்சை பூக்கும். கடலைப் பார்த்த பால்கனிக்காகத்தான் இவ்வளவு விலை. அந்தப் பால்கனிக் கதவை மாலையில் மூடி வைக்காத வீடு அபூர்வம். டி.வி. கெட்டுவிடும்.

இந்த வீடுகளுக்குள் யார் இருக்கிறார்கள் என்ற கேள்விக்கு, பகலில் போனால் ஒரு பதில்தான். வயதானவர்கள். பிள்ளைகள் டல்லாஸிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அல்லது இதே வீட்டில் இருந்துகொண்டு காலை எட்டுக்குக் கிளம்பி இரவு எட்டுக்கு வருகிறார்கள். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், தெரு முனையில் பூவரச மரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் தினமும் வந்து நிற்கிறார். துணி ஏதும் இருக்காது. இஸ்திரிக்காரரின் மகன் பாலிடெக்னிக்கில் எத்தனை அரியர் வைத்திருக்கிறான், ஊரில் நிலத்தகராறு எந்த வாய்தாவில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். “மயிலாப்பூர்ல இருந்தப்ப வாசல் திண்ணைல உக்காந்தா நாலு பேர் பேசிட்டுப் போவான். இங்கே வாசல்ல உக்காந்தா வாட்ச்மேன் பயந்துடறான், எதாவது கம்ப்ளெயிண்ட் போலன்னு” என்றார். தன் வாட்ச்மேனின் ஊர் அஸ்ஸாமில் எந்த மாவட்டம் என்பதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டு. ஆள் வராவிட்டால் அதே ஆளுக்கு அடுத்த பன்னிரண்டும். வீட்டுக்காரர் கொடுப்பது ஒரு தொகை, ஏஜென்சி பிடித்தது போக ஆள் கைக்கு வருவது வேறு தொகை. இது இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை.

ஒவ்வொன்றையும் தனித்தனியே வாங்கிக்கொண்ட இந்தத் தெருக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்த சந்தர்ப்பங்களும் உண்டு. ஜெர்மனியின் கே.எஃப்.டபிள்யூ. வங்கிக் கடனில் கோவளம் வடிநிலத்துக்கு மழைநீர் வடிகால் கட்டும் திட்டத்தை மாநகராட்சி கொண்டுவந்தது. கடலோரத் தெருக்களிலும் கான்கிரீட் வடிகால் என்று பள்ளம் தோண்ட ஆரம்பித்ததும் குடியிருப்போர் சங்கங்கள் கொதித்தன. எங்கள் மண்ணில் மழை தானே இறங்கிவிடும், தெருவில் தேங்குவதில்லை, அதைக் கான்கிரீட் கால்வாயில் கடலுக்கு அனுப்பினால் நிலத்தடி நீர் என்னாவது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். அவர்கள் சொன்னது அறிவியல்படி சரி. மணலில் மழை இறங்குவதுதான் அந்த மிதக்கும் தண்ணீருக்கு ஒரே வரவு. நிபுணர்களை வைத்து வாதாடினார்கள், வரைபடம் காட்டினார்கள். வரவைக் காப்பாற்ற இவ்வளவு ஒற்றுமையாக நின்றவர்கள் செலவுப் பக்கம் பேச்சை எடுத்தார்களா என்று ஒரு சங்கத்துக்காரரிடம் கேட்டேன். தெருவுக்கு இத்தனை போர், வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று நாமே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டால்? “நல்ல ஐடியாதான். ஆனா பக்கத்து வீட்டுக்காரன் நிறுத்துவான்னு என்ன நிச்சயம்?” என்றார். பக்கத்து வீட்டுக்காரரும் இதையேதான் சொல்வார். அது இருவருக்கும் தெரிந்திருப்பதுதான் சிக்கல்.

கடற்கரை விஷயமும் இப்படித்தான். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் இந்த மணலில் ஏறி முட்டையிடும். மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு என்று ஒரு தன்னார்வக் குழு 1988 முதல், சீசன் இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி நடந்து, முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறது. பொரித்து வெளியே வரும் குஞ்சு வெளிச்சம் இருக்கும் திசை நோக்கி ஓடும். லட்சக்கணக்கான வருஷமாக அந்தத் திசை கடல்தான். வானத்து வெளிச்சம் அலையில் படும் திசை. இப்போது அதைவிட வெளிச்சமாக மேற்கே வரிசையாக மதில்விளக்குகள். கடலைப் பார்த்த தோட்டத்தை ராத்திரியிலும் பார்க்க வேண்டுமென்று போட்ட விளக்குகள். சீசனில் இரவு அணைத்துவிடுங்கள் என்று வனத்துறை சொல்கிறது, குழுவினர் வீடு வீடாகக் கேட்கிறார்கள். பலர் அணைக்கிறார்கள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு நடையில் கலந்துகொள்கிற குடும்பங்களும் இதே தெருவில் இருக்கின்றன. சில வீடுகளில் அணைக்கச் சொல்லி யாரிடம் கேட்பதென்றே தெரியாது. வீட்டுக்காரர் வெளிநாட்டில், சுவிட்ச் இருக்கும் அறைக்குச் சாவி மேனேஜரிடம், மேனேஜர் போனை எடுப்பதில்லை.

இதே மணலில்தான் குப்பங்கள். படகு ஏறும் இடம், வலை காயும் இடம், ஐஸ் பெட்டி வைக்கும் இடம் என்று அவர்களுக்கு ஒரு வரைபடம் மனதில் உண்டு. காலை ஏழு மணிக்குப் படகு வந்ததும் கூடையைச் சுற்றிக் குப்பத்துப் பெண்களும் டிராக் சூட் போட்டவர்களும் ஒன்றாகக் குனிந்து நிற்கிற அந்தப் பத்து நிமிடம், இந்த ஊரில் எனக்கு மிகவும் பிடித்த பத்து நிமிடம். “சங்கரா இன்னைக்கு ஐநூறு சொல்றியேம்மா” என்று கார்க்காரர் பேரம் பேசுவார். “உங்க நாய்க்கு வாங்கறப்ப பேரம் பேசுவியா சார்?” என்று பதில் வரும். இருவரும் சிரிப்பார்கள். மீன் கைமாறும். வழித்தகராறு வரும்போது மட்டும் இந்தச் சிரிப்பு காணாமல் போய்விடும். கடலுக்குப் போகும் பாதையை மறித்துச் சுவர், மீன் வாடை வருகிறதென்று மனு, தெருவில் மினி வேன் நிறுத்தக்கூடாதென்று போர்டு. 2004 டிசம்பர் 26 காலையில் அலை வந்தபோது சுவரேறிக் குதித்து உள்ளே ஓடிவந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்ட வீடுகளைக் குப்பத்தார் இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எந்த வீடு திறந்தது, எது திறக்கவில்லை என்று கை காட்டிச் சொல்கிறார்கள்.

இப்போதைக்குத் தெருக்காரர்களின் வாட்ஸப் குழுவில் ஓடும் பேச்சு மேம்பாலம். திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை 14.2 கிலோமீட்டருக்கு உயர்மட்டச் சாலை கட்டப்போவதாக 2025–26 பட்ஜெட்டில் அரசு அறிவித்தது. சனி, ஞாயிறுகளில் மகாபலிபுரம் போகிற கார்கள் நிற்கிற நிலையைப் பார்த்தால் ஏதோ ஒன்று தேவைதான். வாட்ஸப்பில் மட்டும் ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. நகரத்துக்குச் சீக்கிரம் போகலாம் என்பவர்கள் ஒரு பக்கம், நகரம் இங்கே சீக்கிரம் வந்துவிடும் என்பவர்கள் மறுபக்கம்.

கிளம்பும் நேரத்தில் அதே லாரி டிரைவர் காலி வண்டியோடு திரும்பிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு இன்னும் நடைகள் பாக்கி. எங்கே தண்ணீர் பிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். சித்தாலப்பாக்கம் தாண்டி ஒரு விவசாயக் கிணறு என்றார். முன்பு அங்கே நெல் போட்டார்கள், இப்போது கிணற்றுக்காரர் தண்ணீரை மட்டும் போடுகிறார். மூன்று வருஷத்தில் கிணற்றை இரண்டு தடவை ஆழப்படுத்தியாயிற்று. டிரைவரின் வீடும் அந்தப் பக்கம்தான்.

“உங்க வீட்டுக்குத் தண்ணி எப்படிண்ணே?”

“பஞ்சாயத்துக் குழாய்தான் சார். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். இந்த மாசம் மோட்டார் ரிப்பேர்னு வரல. வீட்ல திட்டறா, தெனமும் லாரி நிறையத் தண்ணி ஓட்டறே, நமக்கு ஒரு குடம் கொண்டுவர மாட்டியான்னு. ஓனர் ஜிபிஎஸ் போட்டு வெச்சிருக்கான் சார். வண்டியத் திருப்பினா தெரிஞ்சுடும்.”

அடுத்த வாரம் அந்தக் கிணற்றடிக்குப் போவோம்.

(தொடரும்)